உயிருள்ள மூளையில் ஒரு சாயம்

நுழையும்முன்

மறதி மனித இயல்பு. சாவியை வைத்த இடத்தை மறந்து தேடுவது எல்லா வயதினர்க்கும் நேர்வது. சாவி எதற்குப் பயன்படும் என்பதே மறந்துபோவது நோயின் அறிகுறி. உலகில் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மறதிநோயுடன் வாழ்கின்றனர். அவர்களுள் பத்தில் அறுவர் முதல் எழுவர் வரை அல்சைமர் நோய்க்கு ஆளானவர்கள். அந்நோய் மூளையில் விட்டுச்செல்லும் தடயத்தை மனிதர் உயிருடன் இருக்கும்போதே காண்பதற்கு அறிவியல் கண்டறிந்த வழியை இப்பாடம் விளக்குகிறது.

இறந்தபின் கிடைத்த விடை

1901ஆம் ஆண்டு செருமனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்தே டீட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவரால் தம் பெயரைக்கூட முழுமையாக எழுத இயலவில்லை. காட்டிய பொருளின் பெயரைச் சொல்வார். சிறிது நேரத்தில் அதைப் பார்த்ததையே மறந்துவிடுவார். அவரை ஆராய்ந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், அவர்தம் விடைகளைப் பொறுமையுடன் குறித்துவைத்தார்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அப்பெண்மணி இறந்தார். அப்போது மியூனிக் நகரில் பணியாற்றிய அல்சைமர், அவருடைய மூளையை வரவழைத்து மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் கண்டார். நரம்புச்செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள் இருந்தன. செல்களுக்கு உள்ளே முறுக்கிய நூல்போன்ற முடிச்சுகள் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்களிடம் இதனை எடுத்துரைத்தார். 1910இல் எமில் கிரேப்பலின் தம் நூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

இரு புரதங்கள்

அப்படிவுகள் எவற்றால் ஆனவை என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1984இல் ஜார்ஜ் கிளென்னர், கெயின் வாங் ஆகியோர் மூளையின் குருதிக்குழாய்ச் சுவரில் படிந்திருந்த பீட்டா அமிலாய்டு என்னும் சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். செல்களுக்கு வெளியே சேரும் படிவிலும் இருப்பது அதுவே. முடிச்சுகளில் இருப்பது டாவ் என்னும் மற்றொரு புரதம். நரம்புச்செல்லுக்குள் பொருள்கள் செல்லும் நுண்குழல்களைத் தாங்கி நிற்பது டாவின் இயல்பான பணி. இந்நோயில் அது தன் இடத்தைவிட்டு விலகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது.

காரணம் ஓரளவு தெரிந்தபோதும் இடர் ஒன்று இருந்தது. இப்புரதங்களைக் காண மூளையைச் சீவிச் சாயமேற்ற வேண்டும்; அஃதாவது, நோயாளி இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். மூளை சுருங்கியிருப்பதைக் காந்த அதிர்வுப் படம் காட்டும். ஆயினும், சுருக்கம் தெளிவாகத் தெரியும்போது நரம்புச்செல்கள் பல அழிந்திருக்கும்.

துணிக்கு ஏற்றிய சாயம்

பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஏற்றுவதற்கென 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது காங்கோ சிவப்பு. அச்சாயம் அமிலாய்டு படிவுகளைப் பற்றிக்கொள்வதை நோய்க்குறியியல் வல்லுநர்கள் பின்னர்க் கண்டனர். தயோபிளேவின் என்னும் மஞ்சள் சாயமும் அவ்வாறே பற்றிக்கொண்டது. இத்தகைய சாயத்தை உயிருள்ள மூளைக்குள் செலுத்த இயலுமா என்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வில்லியம் கிளங்க், செஸ்டர் மாத்திஸ் ஆகியோர் ஆராய்ந்தனர்.

குருதியில் கலந்த பொருள்கள் அனைத்தும் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. குருதி-மூளைத் தடை என்னும் காவல் அங்கு உண்டு. மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகளை அது எளிதில் விடுவதில்லை. தயோபிளேவின்-டி மின்னூட்டம் கொண்டது. எனவே, அம்மின்னூட்டம் நீங்குமாறு அதன் அமைப்பை மாற்றி, கதிரியக்கக் கார்பன்-11 அணுவை அதில் இணைத்தனர். அப்பொருள் 'பிட்ஸ்பர்க் சேர்மம்-பி' எனப் பெயர்பெற்றது.

2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவீடனின் உப்சாலா நகரில் இச்சேர்மம் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்டது. தொடக்கநிலை நோயாளிகள் 16 பேரையும் நலமுடையோர் 9 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளிவந்தது. நோயாளிகளின் மூளை முன்மடலில் இச்சேர்மம் ஏறத்தாழ இருமடங்கு தங்கியிருந்தது.

படம் உருவாகும் முறை

கார்பன்-11 சிதையும்போது பாசிட்ரான் என்னும் துகள் வெளிப்படும். அது அருகிலுள்ள எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். நோயாளியின் தலையைச் சுற்றி வளையமாக அமைந்த உணர்விகள் அவ்விரு கதிர்களையும் ஒரே கணத்தில் பதிவுசெய்யும். இலட்சக்கணக்கான பதிவுகளைக் கொண்டு சேர்மம் தங்கிய இடங்களைக் கணினி படமாக்கும். இதுவே 'பெட் ஸ்கேன்' எனப்படுகிறது.

தெரியுமா?

கார்பன்-11இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 20 நிமிடங்கள். ஆகவே, அதனை உருவாக்கும் சைக்ளோட்ரான் கருவி மருத்துவமனைக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். புளூரின்-18இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 110 நிமிடங்கள். அதனால் அதனைக் கொண்டு செய்த சேர்மங்களைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் அனுப்ப முடிந்தது.

படம் சொல்வதும் சொல்லாததும்

மறதி வெளிப்படுவதற்கு 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்னரே அமிலாய்டு சேரத் தொடங்கிவிடுகிறது என்பது இப்படங்கள் வழியே உறுதிப்பட்டது. டாவ் முடிச்சுகள் நினைவோடு தொடர்புடைய பொட்டுமடலின் உட்பகுதியில் தோன்றிப் பின்னர்ப் பிற பகுதிகளுக்குப் பரவுகின்றன. அவை பரவும் அளவும் நினைவு குன்றும் அளவும் பெரிதும் ஒத்துச்செல்கின்றன. டாவைக் காட்டும் சேர்மம் ஒன்றுக்கு அமெரிக்கா 2020இல் ஒப்புதல் வழங்கியது.

எனினும், படத்தில் தெரியும் படிவு மட்டுமே நோயன்று. நினைவாற்றல் குன்றாத முதியோர் பலருடைய மூளையிலும் அமிலாய்டு காணப்படுகிறது. அவர்களுள் சிலர் இறுதிவரை தெளிந்த நினைவோடு வாழ்கின்றனர். ஆகவே, அறிகுறி ஏதுமில்லாதவருக்கு இச்சோதனையைச் செய்து எதிர்காலத்தைக் கணித்துக் கூறுவது முறையன்று. வாராமலும் போகக்கூடிய நோயின் அச்சத்தை அது வாழ்நாள் முழுதும் சுமக்கச் செய்துவிடும்.

படிவு இல்லை என்று காட்டும் படமும் பயனுடையதே. ஒருவருடைய மறதிக்கு அல்சைமர் நோய் காரணமாக இருத்தல் அரிது என்பதை அது உணர்த்தும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி-12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி தோன்றும். அவை மருத்துவத்தால் சீராகக்கூடியவை. 'வயதானால் இப்படித்தான்' என்று விட்டுவிடும் குடும்பம் அவ்வாய்ப்பை இழக்கிறது.

தொடக்கத்திலேயே அறிவதற்கு மற்றொரு பயனும் உண்டு. அமிலாய்டை அகற்றும் லெக்கனமாப் என்னும் மருந்து 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. 18 மாத ஆய்வில் அது நோயின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. இழந்த நினைவை அது மீட்பதில்லை. மூளையில் வீக்கமோ குருதிக்கசிவோ நேரும் இடரும் உண்டு. நோயின் தொடக்கநிலையில், படிவு இருப்பது உறுதியானவர்க்கே அது வழங்கப்படுகிறது.

எனவே, நோயாளியுடனும் அவர்தம் குடும்பத்தாருடனும் உரையாடி, நினைவுத்திறனைச் சோதித்து, குருதியை ஆய்ந்த பின்னரே மருத்துவர் இப்படத்தை நாடுகிறார். மூளையில் எது சேர்ந்திருக்கிறது என்பதைக் கருவி காட்டும். நேற்றுவரை தனியாகக் கடைக்குச் சென்றவர் இன்று வழி தெரியாமல் நிற்கிறார் என்பதை உடனிருப்பவரே முதலில் காண்பர். அதனைக் கேலியாகக் கொள்ளாமல் உரிய காலத்தில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதிலிருந்தே நோயறிதல் தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்...

1. இயல்பான மறதிக்கும் மறதிநோய்க்கும் உள்ள வேறுபாடுகளை எடுத்துக்காட்டுகளுடன் அட்டவணைப்படுத்துக.

2. 'அறிகுறி இல்லாத ஒருவருக்கு வருங்கால நோயைச் சோதித்து அறிவிக்கலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.