கலங்கல் தெளிந்தால் போதுமா?

நுழையும்முன்

தொழுவத்துக் கழிவு நிலத்திற்கு எரு. அளவு மீறி ஆற்றில் கலந்தால் அதுவே நஞ்சு. அந்நஞ்சை நீக்கும் பணியில் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் மனிதனுக்குத் துணைநிற்கின்றன. அத்துணையை விளக்குகிறது இப்பாடம்.

உடைந்த கரை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் பன்றி வளர்ப்பிற்குப் பெயர்பெற்றது. அங்குள்ள பெரும்பண்ணைகள் கழிவுநீரைத் திறந்தவெளிக் குட்டைகளில் தேக்கிப் பின்னர் வயல்களில் தெளிப்பது வழக்கம். 1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அத்தகைய குட்டை ஒன்றின் கரை உடைந்தது. ஏறத்தாழ 9.5 கோடி லிட்டர் கழிவுநீர் வெளியேறி நியூ ஆற்றில் கலந்தது. மீன்கள் பெருமளவில் மடிந்தன.

மறைந்திருக்கும் மாசு

கால்நடைக் கழிவுநீரில் தழைச்சத்தாகிய நைட்ரஜனும் மணிச்சத்தாகிய பாஸ்பரசும் செறிந்துள்ளன. இவை நீர்நிலையை அடைந்தால் பாசி பெருகும். அப்பாசி மடிந்து மட்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும்; மீன்கள் மூச்சுத்திணறி இறக்கும். தேற்றாங்கொட்டையை உரைத்தால் நீர் கலங்கல் நீங்கித் தெளியும். ஆனால், கரைந்துள்ள அம்மோனியா தெளிந்த நீரிலும் மறைந்திருக்கும். அதனை அகற்ற நுண்ணுயிர்கள் உதவுகின்றன.

இருநிலைச் செயல்

காற்று செலுத்தப்படும் தொட்டியில் நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோபாக்டர் முதலியன அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது நைட்ரேட்டாக்கம் எனப்படும். நைட்ரேட்டும் நீரை மாசுபடுத்துவதே. ஆகவே, அந்நீர் காற்று செலுத்தப்படாத தொட்டிக்குச் செல்கிறது. அங்குக் கரைந்த ஆக்சிஜன் இல்லாமையால், வேறுவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு சுவாசிக்கின்றன. கழிவிலுள்ள கரிமப்பொருளே அவற்றின் உணவு. இறுதியில் நைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு அவ்வாயுவே ஆதலால் தீங்கில்லை.

பாஸ்பரஸ் இவ்வாறு வாயுவாகி நீங்குவதில்லை. காற்றற்ற நிலையையும் காற்றுள்ள நிலையையும் மாறிமாறி அடையும் சில பாக்டீரியாக்கள் அதனைத் தம் உடலில் மிகுதியாகச் சேமிக்கின்றன. அவை கலந்த கசடை நீக்கினால் பாஸ்பரசும் நீங்கும். சுண்ணாம்பு சேர்த்துக் கால்சியம் பாஸ்பேட்டாகப் படியவைப்பதும் உண்டு. அப்படிவு மீண்டும் உரமாகப் பயன்படும்.

எஞ்சிய வினா

வட கரோலினாவில் பின்னர் ஆராயப்பட்ட ஒரு முறையில், திடக்கழிவு முதலில் பிரிக்கப்பட்டது. நைட்ரேட்டாக்கப் பாக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகுபவை. அவை நீரோடு அடித்துச் செல்லப்படாதவாறு சிறு கூழ்ம மணிகளுக்குள் பொதிந்துவைக்கப்பட்டன. 2007ஆம் ஆண்டுச் சட்டம், பழைய முறையில் புதிய குட்டைகள் அமைப்பதைத் தடைசெய்தது. எனினும், மாற்றுமுறைக்கு ஆகும் செலவு மிகுதி என்பதால் முன்பிருந்த குட்டைகள் நீடிக்கின்றன. அறிவியல் வழியைக் காட்டிவிட்டது. அச்செலவைப் பண்ணையாளரும் நுகர்வோரும் அரசும் எங்ஙனம் பகிர்வது என்பதே எஞ்சிய வினா.

சிந்தனை வினாக்கள்

1. தெளிந்த நீர் தூயநீர் ஆகாது என்பதைக் காரணத்துடன் விளக்குக.
2. நைட்ரஜன் நீக்கமும் பாஸ்பரஸ் நீக்கமும் எவ்வாறு வேறுபடுகின்றன?