வேடந்தாங்கலுக்குக் குடும்பத்தோடு

மார்கழி, தை மாதங்களில் குடும்ப சமேதராக வேடந்தாங்கலுக்குப் பிரயாணம் செய்ய உத்தேசிப்போர், உச்சிப்பொழுதில் போய் வெயிலில் வாடித் திரும்புவதைக் காட்டிலும், இரை தேடச் சென்ற பறவைகள் ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களுக்குக் கூட்டங்கூட்டமாகத் திரும்பும் மாலை நாலரை மணியளவில் கரைமேல் இருப்பதே உசிதம். மழை பொய்த்த வருஷமாயின், ஏரியில் நீருண்டா என்று முன்னதாக விசாரித்துக்கொள்க.

சைக்கிள் கொண்டு செல்வோர், சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரிக்கிலிப் பறவைகள் சரணாலயத்துக்குக் காலையிலேயே போய்வரலாம்; டயரில் காற்றையும் பிரேக்கையும் சோதித்துக்கொண்டு, வீட்டின் கடைக்குட்டி எவ்வளவு வேகத்தில் மிதிக்கிறதோ அவ்வளவிலேயே பெரியவர்களும் மிதிக்க வேண்டும். (இதில் தகப்பன்மார்களுக்குத்தான் பொறுமை போதாது!)

படம் பிடிக்கையில் சூரியன் நம் முதுகுப்புறம் இருக்கட்டும். பறக்கும் நாரை கலங்காமல் பதிய, ஷட்டர் வேகம் 1/1000 வினாடியாவது அவசியம். கேமரா ஒன்றே இருப்பின் அதைக் குழந்தைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்கள் பைனாகுலரில் கரண்டிவாயனையும் நத்தைகுத்தி நாரையையும் தேடலாம். பளிச்சிடும் சிவப்பு வஸ்திரமும் உரத்த குரலும் வேண்டாம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமென்றறிந்து தலைமுறை தலைமுறையாக அவற்றுக்குக் காவலிருக்கும் கிராமம் வேடந்தாங்கல்.