ஆக்சிஜன் சென்சார்: கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டியவை

காஞ்சிபுரத்தில் ஓடும் பழைய ‘குட்டியானை’ லோடு வண்டிகளில் பெரும்பாலானவை டீசல். ஆக்சிஜன் சென்சார் என்ற தலைவலி அவற்றுக்கு இல்லை. எங்களுடையது பெட்ரோல் லோடு வண்டி. தறிச் சாமான், பாவு, சேலைக் கட்டு என்று பிள்ளையார்பாளையத்துக்கும் காந்தி ரோட்டுக்கும் நடுவே ஓடுவது. மைலேஜ் இறங்கி, சைலன்சரில் பெட்ரோல் வாடை அடித்து, செக் இன்ஜின் விளக்கும் எரிந்ததால், சென்சாரை வீட்டு வாசலிலேயே மாற்றினேன். அதில் ஸ்பேனர் வேலை கொஞ்சம்தான். சரியாகச் சோதித்துவிட்டுக் கழற்றுவதில்தான் காசு மிச்சம்.

சைலன்சர் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, இன்ஜினை இயக்கும் கணினியான இசியூவுக்குச் சொல்வதே இதன் வேலை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று மிஞ்சினால் சென்சார் 0.1 வோல்ட் பக்கம் காட்டும். பெட்ரோல் மிஞ்சினால் 0.9 பக்கம் போகும். அதற்கேற்ப இசியூ பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

முதலில் ஸ்கேனர்

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் ப்ளூடூத் ஸ்கேனரும் ஒரு கைப்பேசியும் போதும். பி0171 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் காற்று அதிகம் என்று பொருள். ஏர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், மேனிஃபோல்டு கேஸ்கட் கசியலாம். சாட்சி சொன்னவனையே தண்டிப்பதுபோல் அங்கே சென்சாரை மாற்றிப் பயனில்லை. சென்சாருக்கு முன்னால் சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் இதே குறியீடு பொய்யாக வரலாம்.

பி0135 வந்தால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் சென்சார் பேசும். குட்டி குட்டி தூரம் ஓடும் நம் ஊர் வண்டிகளில் ஹீட்டர் இல்லாமல் கதை நடக்காது. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு கப்ளரைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களில் மல்டிமீட்டரை வையுங்கள். பெரும்பாலும் அவைதான் ஹீட்டர் ஒயர்கள். சில ஓம் காட்டினால் ஹீட்டர் கம்பி அறுபடவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் போய்விட்டது.

இன்ஜின் நன்றாகச் சூடான பின் லைவ் டேட்டா பாருங்கள். முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதுதான் நல்லது. அது அசையவில்லை என்று நல்ல சென்சாரைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

கழற்றும்போது

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வையுங்கள், சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியின் சைலன்சரில் ஈரம் முழுதாகக் காய்வதில்லை. மரை துருவேறி இறுகிவிடும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து வைத்தேன். தெருமுனைப் பட்டறை அண்ணன் சொன்ன யோசனை இது: “இளஞ்சூடா இருக்கும்போதே அசைச்சுடு தம்பி. ஆறிப்போனா மரையையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வரும்.” கை சுடாத அளவு ஆறவிட்டு, கையுறை போட்டு, 22 எம்எம் ரிங் ஸ்பேனரால் திருப்பினேன். எப்படியும் தூக்கிப் போடப்போகும் சென்சார் என்றால் ஒயரை வெட்டிவிட்டு ரிங்கை நுழைக்கலாம். வெட்டாமல் எடுக்க, பக்கத்தில் பிளவுள்ள சாக்கெட் கிடைக்கிறது.

மாட்டும்போது

பழைய சென்சாரின் உடம்பில் பொறித்த எண்ணைக் காட்டி, கப்ளரோடு வரும் சென்சாராகவே வாங்குங்கள். ஒயரை வெட்டி ஒட்டும் வகை வேண்டாம். பல சென்சார்கள் ஒயர் வழியாகத்தான் வெளிக்காற்றை இழுக்கின்றன. சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும். மரை இறுகாமலிருக்கப் பூச்சு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், முனையில் எதுவும் படக் கூடாது. முதல் சில சுற்றுகளைக் கையால் போடுங்கள். இறுக்கம் ஏறக்குறைய 45 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டி மேனுவலில் உள்ள அளவே முடிவானது. கப்ளரைக் கடைசியில் மாட்டி, ஒயர் சைலன்சரில் உரசாமல் கிளிப்பில் பிடிக்கவும்.

ஈயம் இந்தச் சென்சாரின் பழைய எதிரி. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ல் ஒழிந்தது. இன்று அந்த வேலையைச் செய்பவை கண்டபடி பூசும் சிலிகான் பேஸ்ட்டும், இன்ஜின் எரிக்கும் ஆயிலும். பழைய சென்சாரின் முனையைப் பாருங்கள். கருப்புக் கரி என்றால் பெட்ரோல் மிகுதி, வெள்ளைப் படிவு என்றால் சிலிகான் அல்லது கூலன்ட். காரணத்தைத் தீர்க்காவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

மரை வழுக்கினாலோ, சென்சார் கொஞ்சமும் அசையாவிட்டாலோ, அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொடுங்கள். மரை கெட்டுக் கன்வெர்ட்டரையே மாற்ற நேரும் செலவோடு ஒப்பிட்டால் மெக்கானிக் கூலி சில்லறைக் காசு.

ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்துச் சில நாள் ஓட்டியபின் புகைப் பரிசோதனைக்குப் போங்கள். பழைய சான்றிதழில் உள்ள கார்பன் மோனாக்சைடு எண்ணையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் உங்கள் சோதனை சரி; இறங்காவிட்டால், கோளாறு சென்சாருக்கு வெளியே இன்னும் உட்கார்ந்திருக்கலாம்.