மீன் கெட்டது யார் கையில்?

கேள்வி: கல்வராயன் மலை, வெள்ளிமலைப் பகுதி வாசகர் ஒருவர், கள்ளக்குறிச்சியில் வாங்கிய கானாங்கெளுத்தியைக் குழம்பு வைத்து உண்ட குடும்பத்தினருக்கு முகம் சிவந்து தடிப்பும் தலைவலியும் கண்டதாகவும், ஃப்ரீசரில் மிஞ்சிய துண்டுகளில் சிலவற்றை ஐந்து வாரம் கழித்துத் தனியார் ஆய்வகத்தில் சோதித்தபோது ஹிஸ்டமின் மிகுதி என அறிக்கை வந்ததாகவும் கூறி, வியாபாரி மீது வழக்குத் தொடரலாமா எனக் கேட்கிறார்.

பதில்: தொடரத் தடையில்லை, இந்த அறிக்கையை மட்டும் நம்பி வெல்வது அரிது. பிடித்த மீனுக்கு ஐஸ் போதாதபோது, அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மாற்றுவதால் உண்டாகும் வேதிப்பொருளே ஹிஸ்டமின். கொதிக்கும் குழம்பிலும் அது அழியாது, நாற்றம் அதைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் உறுதியில்லை. ஆயினும் விற்பனைக்குப் பின்னும் அது உருவாகக்கூடும் என்பதால், மலைப்பாதைப் பேருந்தில் ஐஸ் இன்றி வந்த பையிலா, கடையிலா மீன் கெட்டது என்பதே எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியாக இருக்கும்.

அக்கேள்விக்கு இடம் தராதபடிதான், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 47ஆம் பிரிவு, உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரியை நான்கு பாகமாக்கி முத்திரையிடச் சொல்கிறது. வாங்குபவரே கட்டணம் செலுத்திச் சோதிக்க 40ஆம் பிரிவு இடம் தந்தாலும், அந்த எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சட்டம் வரைந்தவர்கள் மீன் சந்தைக்குப் போனதில்லை போலும். அப்படி முன்கூட்டியே சொல்வது முடியாதெனினும், நோய் கண்ட அன்றே புகார் கொடுத்திருந்தால், அதே சரக்கின் மிச்சம் கடையில் இருக்கும்போதே அலுவலர் மாதிரி எடுத்திருக்கக்கூடும். ஐந்து வாரம் வாளாவிருந்துவிட்டு, பில்லோ துண்டுச் சீட்டோ கேட்டு வாங்காமல், சோதனைக்குப் போன துண்டு எந்தக் கடை மீன் என்பதற்குத் தம் வாய்ச்சொல்லையன்றி வேறு சான்றில்லாமல் நிற்பது வாசகர் தாமே தேடிக்கொண்ட இடர். மருத்துவமனை ஓ.பி. சீட்டில் ‘ஒவ்வாமை’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் அதுவும் வியாபாரிக்கே சாதகமாகும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டக் குற்ற நடவடிக்கைக்கோ பொதுவாக ஓராண்டே. ஜிபேயில் பணம் செலுத்தியிருந்தால் அதன் பதிவு, ஓ.பி. சீட்டு, ஆய்வறிக்கையின் அசல் ஆகியவற்றுடன் கள்ளக்குறிச்சியில் ஒரு வழக்கறிஞரை உடனே நேரில் சந்திக்க வேண்டும். ஆவணங்களைக் காணாமல் எழுதப்பட்ட இப்பதில் பொதுவானதே. நுகர்வோர் ஆணையம் தானே முத்திரையிட்டு ஆய்வகத்திற்கு அனுப்பக்கூடும் என்பதால், ஃப்ரீசரில் எஞ்சியுள்ள துண்டுகளை அதுவரை எடுக்கலாகாது.