அக்டோபர் 31-ஐக் கேட்கப் போகிறவர்களுக்கு

இந்திரா காந்தி சுடப்பட்ட 1984 அக்டோபர் 31, புதன்கிழமை. நான் திண்டுக்கல்லில் பத்தாம் வகுப்பு. அன்றைக்கு ஹைஸ்கூலில் இருந்தவர்களுக்கெல்லாம் இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அவர்களைக் கேட்டு எழுதுவதாகக் கிளம்பியிருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்குச் சில சொல்லி வைக்கிறேன்.

1. "செய்தி கேட்டதும் மனசு எப்படி இருந்தது?" என்று ஆரம்பிக்காதீர்கள். பேப்பரில் படித்ததைத்தான் திருப்பிச் சொல்வார்கள். எந்த வாத்தியார், என்ன பாடம், மதியச் சாப்பாடு ஆகிவிட்டதா என்று கேளுங்கள். எங்களுக்குக் கணக்கு. பியூன் வாசலில் வந்து நின்றார். கையில் சர்க்குலர் நோட்டு இல்லை. சார் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, போர்டில் பாதியில் நின்ற கணக்கை முடித்தார். அப்புறம்தான், "நேரா வீட்டுக்குப் போங்கடா, பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரும் போகக் கூடாது" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

2. ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். அதை வைத்து யாரையும் பொய்யராக்கிவிடாதீர்கள். தில்லியில் சுட்டது காலை ஒன்பதே காலுக்குச் சற்றுப் பின். இறந்துவிட்டார் என்பதை பி.பி.சி. முன்னதாகவே சொல்லிவிட்டது, ஆகாசவாணி வாய் திறந்தது மாலை ஆறு மணிக்கு. மதியமே தெரியும் என்பவர் வீட்டிலோ, பக்கத்து டீக்கடையிலோ சிற்றலை பிடிக்கும் ரேடியோ இருந்திருக்கும். சாயங்காலம்தான் என்பவர் திருச்சி வானொலியை நம்பி இருந்தவர். இடைப்பட்ட நேரம் முழுக்க ஊர் வதந்தியில் ஓடியது. அந்த வதந்திகளைத் தனி நோட்டில் குறியுங்கள். என்னைக் கேட்டால், செய்தியை விட வதந்திதான் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

3. அன்றைய பெரிய வதந்தி, "தலைவர் போயிட்டாராம்." எம்.ஜி.ஆர். அந்த மாதம் 5-ஆம் தேதியிலிருந்து சென்னை அப்போலோவில் கிடந்தார். 1973 இடைத்தேர்தலில் அவருடைய இரட்டை இலைக்கு முதல் வெற்றியைக் கொடுத்தது எங்கள் தொகுதி. எங்கள் தெருப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது அவருக்காகத்தான். இந்திரா என்று தெரிந்த பிறகும் அழுகை நிற்கவில்லை, ஆள்தான் மாறியது. தில்லியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது கிடைக்காது.

4. லீவு கிடைத்த சந்தோஷத்தை யாராவது ஒப்புக்கொண்டால் வெட்டாதீர்கள். பதினைந்து வயது அப்படித்தான்.

5. "டிவியில பார்த்தேன்" என்றால் "யார் வீட்டுல?" என்று மட்டும் கேளுங்கள். சிதைக்குத் தீ வைத்தது நவம்பர் 3. டிவி இருந்த வீடுகள் அப்போது எங்கள் பக்கம் சொற்பம். வீட்டின் பெயர் வராவிட்டால், அந்தக் காட்சி பிற்பாடு எங்கோ பார்த்ததாக இருக்கலாம். சொல்லிக் காட்டாமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். ஊரைக் குறிக்கும்போது "திண்டுக்கல் மாவட்டம்" என்றும் எழுதிவிடாதீர்கள். 1985 செப்டம்பரில் பிரியும்வரை நாங்கள் மதுரை மாவட்டம்.

6. படித்தவர்களை மட்டும் தேடிப் போகாதீர்கள். புகையிலைக் குடோனில் வேலை பார்த்த அக்காமார், பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர், பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர் எல்லோரையும் கேளுங்கள். கடை அடைத்த நாளில் கூலி உண்டா, பறித்த பூ என்ன ஆச்சு?

7. பலரும் இறுதி ஊர்வலத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். அங்கே விட்டுவிடாதீர்கள். சுட்டது சீக்கிய மெய்க்காவலர் இரண்டு பேர். அதற்காக அடுத்த சில நாட்களில் தில்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் அரசுக் கணக்குப்படியே 2,733 பேர். இது எப்போது தெரிய வந்தது என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். எங்களுக்குத் தெரிந்த சீக்கியர் என்றால் அப்போது ஏழாம் நம்பராக இருந்த நேஷனல் ஹைவேயில் போகும் லாரி டிரைவர்கள்தான். அந்த வாரம் அந்த லாரிகள் எங்கே நின்றன, யார் சோறு போட்டார்கள் என்று இதுவரை யாரும் விசாரித்து நான் பார்க்கவில்லை. ரோட்டோரம் அப்போது சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்களுக்கு இன்றைக்கு நல்ல வயதாகியிருக்கும். என்னிடம் பிறகு வரலாம். முதலில் அங்கே போங்கள்.