அந்தமான் காட்டில் களப்பணி: சில செய், சில செய்யாதே

முதுமலையிலோ ஆனைமலையிலோ வேலை பார்த்துவிட்டு வரும் பையன்களுக்கு, இங்கே புலியும் சிறுத்தையும் இல்லை என்றதும் ஒரு தெம்பு வந்துவிடுகிறது. அதைக் கப்பலிலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இங்கே காட்டை விடக் கடலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை

• இருட்டோடு எழுந்திருங்கள். பர்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாலும் நமக்கு இந்திய நேரம்தான். டிசம்பரில் மாலை ஐந்து மணிவாக்கில் சூரியன் விழுந்துவிடும். மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டு. மதியம் இரண்டுக்கெல்லாம் திரும்பி நடக்கத் தொடங்குங்கள்.

• ஓதம் ஏறும் நேரம், வற்றும் நேரம் இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வற்றும் நேரத்தில் கிரீக் எனும் கடற்கழிக்குள் டுங்கிப் படகை விட்டால் சேற்றில் உட்கார்ந்துவிடும். தண்ணீர் மறுபடி ஏறும்வரை அலையாத்திக் காட்டுக்குள், உப்புநீர் முதலை இருக்கும் இடத்தில், கொசுக்கடியோடு காத்திருக்க வேண்டியதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கவனம்.

• கூட வரும் உள்ளூர்க்காரர் "வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல் நில்லுங்கள். 1925 முதல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் வெபி போன்ற ஊர்களில் குடியேறிய கரேன் மக்கள், இந்தக் காட்டையும் கடலையும் சேர்த்தே படித்தவர்கள். வண்டூரில் இருக்கும் ஆனெட் ஆய்வு நிலையத்தின் களப்பணியில் பெரும்பங்கு அவர்களுடையது. டிக்லிபூர்ப் பக்கத்துக் குகைகளில், உண்ணக்கூடிய கூட்டுக்காகவே சூறையாடப்பட்ட உழவாரக் குருவியைக் காக்க, கூடு எடுத்துப் பிழைத்தவர்களையே காவலுக்கு வைக்கச் செய்தவர் கோவை சாலிம் அலி மையத்தின் ரவி சங்கரன். யாருக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆய்வுக் கட்டுரையில் இப்படிப்பட்ட உள்ளூர்க்காரர்களின் பெயர் கடைசி வரி நன்றியோடு நின்றுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

• பென்சிலில் எழுதுங்கள். இந்த மழையில் பேனா மை நிற்காது. எதுவும் கண்ணில் படாத நாளில் "இல்லை" என்று எழுதுவதும் தரவுதான்.

• லிட்டில் அந்தமானில் இரவு ரோந்து என்றால் சிவப்பு விளக்கு மட்டும். லெதர்பேக் எனப்படும் ஏழுவரி ஆமை கரையேறும்போது வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும். மணலில் டிராக்டர் போன மாதிரி தடம் தெரிந்ததும் நின்றுவிடுங்கள். பின்துடுப்புகள் இரண்டும் மாறி மாறி, கிண்ணம் போல் குவிந்து, ஈர மணலை அள்ளி வெளியே வைக்கும். குழி முடிந்து முட்டை விழத் தொடங்கிய பிறகு பின்பக்கமாக நெருங்குங்கள். அளவெடுப்பதும் டேக் போடுவதும் அப்போதுதான். இங்கே செயற்கைக்கோள் டேக் பொருத்திய ஆமைகளில் சில ஆப்பிரிக்கக் கரைப் பக்கமும் சில ஆஸ்திரேலியப் பக்கமும் போயிருக்கின்றன.

செய்யக்கூடாதவை

• ஜாரவா, ஓங்கே, ஷொம்பென் மக்களின் ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் அனுமதியின்றிக் கால் வைக்காதீர்கள். 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அதைத் தடுக்கிறது. வழியில் எதிர்ப்பட்டாலும் போட்டோ, வீடியோ கூடாது. பிஸ்கட், புகையிலை நீட்டுவதும் கூடாது. சாதாரணச் சளிக்கிருமிகூட அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

• கிரீக் ஓரத்தில் மீன் கழுவாதீர்கள். தினமும் ஒரே இடத்தில் தண்ணீர் மொள்ளாதீர்கள். முதலை நம் வழக்கத்தைக் கவனிக்கிறது.

• மருந்து இருக்கிறதே என்று பாம்பைக் கையில் எடுக்காதீர்கள். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து செய்யப்படும் விஷமுறி, பெருநிலத்தின் நான்கு பாம்புகளுக்கானது. அந்தமான் நாகமும் கட்டுவிரியனும் வேறு இனங்கள்.

• துரையா போன்ற வெளிநாட்டு சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் கொண்டுவராதீர்கள். ஆராய்ச்சி என்று சொன்னாலும் போலீஸ் விடாது.

• 2004க்கு முந்தைய கரை வரைபடத்தை நம்பாதீர்கள். அந்த டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வடக்கு அந்தமானில் கரை மேலே எழும்பிப் பவளப்பாறை வெளியே வந்தது. கடற்கரை முகாமில் தரை நெடுநேரம் ஆடினால் கேமராவைத் தேடாதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள்.

• பொங்கலுக்கு வருவதாக வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள். ஜனவரி ஆமை சீசன். அதற்கு மேல், லிட்டில் அந்தமானின் ஹட் பே துறைமுகத்திலிருந்து கப்பல் என்று கிளம்பும் என்பதைக் கடல்தான் முடிவு செய்யும்.