மறையுமுன் காத்த பக்கங்கள்

இணையத்தில் ஏற்றியது என்றும் நிலைத்திருக்குமா? அமெரிக்காவின் ஜியோசிட்டீஸ் தளத்தில் எளிய மக்கள் தம் வலைப்பக்கங்களை அமைத்திருந்தனர். 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் அதனை மூடியது. அதற்கு முன்பே, ‘ஆர்க்கைவ் டீம்’ என்னும் தன்னார்வலர் குழு இயன்ற பக்கங்களைப் பதிவிறக்கிக் காத்தது.

இத்தகைய பணிக்கு உதவுவது ‘டபிள்யூகெட்’ என்னும் கட்டற்ற மென்பொருள். 1996ஆம் ஆண்டில் குரோவேசியரான ஹர்வோயே நிக்ஷிச் இதனை வெளியிட்டார். இது பக்கத்திலுள்ள சுட்டிகளைப் பின்பற்றிக் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கொணரும். இணைப்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஊர்க்கிணற்றில் ஒருவரே இறைத்தால் பிறர் குடம் நிரம்பாது. தளத்தின் வழங்கியும் அத்தகையதே. ஆதலின், ஒரு கோப்பிற்கும் அடுத்ததற்கும் இடையே சற்றுக் காத்திருக்குமாறு இதனைப் பணித்தல் வேண்டும்.

சொற்பொருள்: கொணரும் – கொண்டுவரும், கட்டற்ற – எவரும் பயன்படுத்த, மாற்ற, பகிர உரிமையுள்ள.

வினா: வழங்கி ஊர்க்கிணற்றோடு ஒப்பிடப்படுவது ஏன்?